அமுதவள்ளியின் சணல் தாலி

அமுதவள்ளி ஊர் திரும்பிய வாரம், எங்கள் தாமான் குடியிருப்பின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் அப்பம் பாலிக் வாங்க நின்ற வரிசை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவள் கழுத்தை நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் நகர்ந்தது. மறுபாதி, பார்த்துவிட்டதை மறைப்பதற்காகப் பின்னால் நகர்ந்தது. அப்பம் சுட்டுக்கொண்டிருந்த சீனரும் எட்டிப் பார்த்தார். கிள்ளானில் அன்று கருகிய அப்பத்தின் வாசனை ஷா ஆலாம் வரைக்கும் போனதாகச் சொன்னார்கள்.

அவள் கழுத்தில் கிடந்தது ஒரு கயிறு. சணல் கயிறு. நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் துண்டு, காய்ந்து சுருங்கி. அவ்வளவுதான். ஆனால் அவள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தது. அந்தப் பெண்ணின் கழுத்தில் அது இருக்கக் கூடாது.

"என்னம்மா அமுதா, ஃபேஷனா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"தாலி ஆன்டி. எங்க வீட்டுக்காரர் கட்டினது" என்று சொல்லிவிட்டு, "பாஸ், கச்சான் கொஞ்சம் அதிகமா போடுங்க" என்றாள் அப்பக்காரரிடம்.

கச்சான் என்றால் நிலக்கடலை. அதை அதிகமாகக் கேட்கும் அளவுக்கு அவள் நிதானமாக இருந்தாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அமுதவள்ளியை அவள் பிறந்த வாரத்திலிருந்து எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு ரகசியம் தும்மினால் இந்தப் பக்கம் நான் 'நூறு' என்று வாழ்த்துவேன். அவள் அம்மா உஷாராணி தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவள். அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். அப்பா கமலநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சும் கிரேன் மாதிரி. ஒரு சொல்லைத் தூக்கி இன்னொரு சொல்லின் மேல் இறக்குவதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அமுதவள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிப்பில் நடு வரிசை. ஓட்டப்பந்தயத்தில் நான்காவது. பரதம் கற்கப் போய், காலைத் தட்டுவதைவிடக் கேள்வி கேட்பது அதிகம் என்று அனுப்பிவைக்கப்பட்டவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறி எந்த ஊருக்குப் போகிறது என்று கணினியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், இன்னைக்கு என்னோட டப்பா ஒன்னு ரொட்டர்டாம் போய் இறங்கிருச்சு" என்பாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி. "நேத்து ஒன்னு சிலி நாட்டுக்குப் போச்சு. தகர டப்பாவுக்கு இருக்கிற யோகத்தைப் பாருங்க. நான் கிள்ளான்ல ஏறி கிள்ளான்ல எறங்குறேன்."

யுகேந்திரன் வந்தது லிஃப்டின் வழியாக. அவள் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த டெக்னீஷியன் அவன். கதவை நெம்பித் திறந்தபோது, உள்ளே இருந்த பெண் அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்தானாம். அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு நிமிஷம் லா, முடிச்சிடுறேன்" என்றாளாம். அவன் வெளியே காத்து நின்றான். அன்று ஆரம்பித்த காத்திருப்பு அது.

யுகேந்திரனின் அம்மா தனலெட்சுமி. பிரிக்ஃபீல்ட்ஸில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பவர். ரவாங்கிலிருந்து ஜெஞ்சாரோம் வரை, மேடை ஏறிய மணப்பெண்களில் பாதிப் பேருக்காவது அவர்தான் புடவை கட்டிவிட்டிருப்பார். மீதிப் பாதிப் பேர் அவர் கட்டியதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள். அவரே ஒரு மருமகளுக்குக் கட்டப்போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

நம்மவர்களிடம் ஒரு வழக்கம். முதலில் பதிவுத் திருமணம். சட்டப்படி கணவன் மனைவி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி ஏறும் வரைக்கும் அவன் வீட்டில் அவன், அவள் வீட்டில் அவள். அரசாங்கம் சேர்த்து வைத்ததை அத்தைமார்கள் பிரித்து வைத்திருப்பார்கள். இவர்களும் அப்படித்தான் பதிந்துவிட்டு, வெளியே வந்து இழுத்து ஆற்றிய தேத்தாரே டீ குடித்துவிட்டு, ஆளுக்கொரு ரயிலில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மாதமே யுகேந்திரனின் தாத்தா போய்ச் சேர்ந்தார். அருமையான மனிதர். தன்னுடைய சாவு பேரனை ஒரு வருடம் தனிக்கட்டிலில் படுக்க வைக்கும் என்று தெரிந்திருந்தால், மூச்சை இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பார். வருடம் திரும்பும் வரை வீட்டில் நல்ல காரியம் எதுவும் கூடாது என்றாகிவிட்டது.

மறுநாளே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். நான் காதைத் தீட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. துணி காயப்போடப் போனேன். காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டேன் என்பது வேறு விஷயம்.

"வருஷம் முழுக்க நல்ல காரியம் செய்யக் கூடாது, அதானேம்மா?" அமுதவள்ளியின் குரல்.

"ஆமா."

"புருஷன்கூட ஊர் சுத்துறது நல்ல காரியமா?"

"என்னடி பேச்சு இது? தாலி ஏறாம அவன்கூட ஊர் சுத்துறது நல்ல காரியமா? கேவலம்!"

"அப்ப அது நல்ல காரியம் இல்ல. செய்யலாம். நாங்க நியூசிலாந்து போறோம்."

உஷாராணிக்கு நான் தர்க்கம் சொல்லிக் கொடுத்ததில்லை. மகள் எங்கே கற்றாளோ! அம்மா அழுதாள், அப்பா ஒரு சொல்லைத் தூக்கினார், அதை இறக்குவதற்குள் பிள்ளைகள் விமானம் ஏறிவிட்டார்கள்.

போனது போகட்டும், கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அமுதவள்ளி நியூசிலாந்தில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாள். யுகேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இடையில் ஒரு சமுத்திரமே இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கோர்ஸ் என்ன கோர்ஸ் என்று கேட்டவர்களுக்கு உஷாராணி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொன்னாள். கடைசிக் கணக்குப்படி என் பக்கத்து வீட்டுப் பெண் ஒரே நேரத்தில் வணிகம், தாதிமை, கடல் உயிரியல் மூன்றும் படித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அவள் கிவிப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அங்கே இளம் வயதுக்காரர்கள் கொஞ்ச காலம் வேலை செய்துகொண்டே ஊர் பார்க்க விசா கொடுக்கிறார்கள். வடக்குத் தீவில் தெ புக்கே என்று ஒரு சின்ன ஊர்; எங்கே திரும்பினாலும் கிவிக் கொடிப் பந்தல். ஆளுக்கொரு முதுகுப்பை, இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல குளிர்ச்சட்டை. பழம் அடுக்கும் கொட்டகையில் அவனுக்குப் பகல், அவளுக்கு இரவு. விடுதியில் வாடகை அறை, அதில் ஒரே கட்டில். அவள் எழுந்து போனால் அவன் வந்து படுப்பான். அவன் போனால் அவள்.

"கட்டில் ஆறவே ஆறாது டீச்சர்" என்றாள் என்னிடம். "அவரு படுத்திருந்த சூடு எனக்குக் காத்திருக்கும். ஒரு வாரம் முழுக்க நாங்க வாசப்படியில மட்டும்தான் பாத்துக்கிட்டோம். என் வாழ்க்கையிலேயே அப்பதான் ரொம்பக் குடும்பமா இருந்த மாதிரி இருந்துச்சு."

அங்கேதான் அவனைத் தெரிந்துகொண்டாளாம். பல் துலக்கும்போது பாடுவான். குளிர் என்றால் அழாத குறை. கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பான்; அவள் வேண்டுமென்றே சாயங்காலங்களில் அவனைச் சீண்டிவிடுவாளாம், மலை மாதிரிப் பாத்திரம் கிடந்தால்.

ஒரு நாள் விடுதிச் சமையலறையில் சம்பலுக்காகக் காய்ந்த மிளகாய் வறுத்தார்கள். புகை கூரைக்குப் போனது, மணி அடித்தது, விடுதியே புல்வெளியில் வந்து நின்றது. ஜெர்மானியர்கள் கண்ணைக் கசக்கினார்கள். பிரேசில்காரி ஒருத்தி வீட்டை நினைத்து அழ ஆரம்பித்தவள், மிளகாய்ப் புகை அடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் உள்ளே போய்த் தேடி, தீ எங்கும் இல்லை என்று உறுதிசெய்து, பிறகு அந்தச் சம்பலைத் தொட்டு ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் தீ எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது. பக்கத்துப் பண்ணையில் ஒரு செம்மறிக் கிடா இருந்ததாம். அமுதவள்ளி "வாடா ராசா" என்றால் வேலிக்கு ஓடி வரும். "கம் ஹியர்" என்றால் திரும்பியும் பார்க்காது. நான் இதை அப்படியே நம்புகிறேன். தமிழ்ப்பள்ளியில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கிடாவுக்கு வராதா என்ன?

விசா முடிந்ததும் ஊருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சேர்த்த காசை வைத்துக்கொண்டு வியட்நாமில் இறங்கி, தெற்கிலிருந்து வடக்கே நடந்தும் பேருந்திலுமாகப் போனார்கள். அங்கே, ஹனோய் நகரத்தில்தான் சண்டை.

தாத்தாவின் வருடத் திதி முடிந்திருந்தது. தனலெட்சுமி மகனைத் தொலைபேசியில் அழைத்தார். முகூர்த்தம் பார்த்தாகிவிட்டது. அவன் முதலில் வர வேண்டும், சிங்கப்பூர் வழியாக. வரும்போது சிங்கப்பூரில் சாக்லேட் வாங்கிக்கொண்டு. அவள் சில வாரம் கழித்துத் தனியாக வரட்டும், கோர்ஸ் முடிந்த மாதிரி. இருவரையும் விமான நிலையத்தில் ஒன்றாக யாரும் பார்க்கக் கூடாது.

யுகேந்திரன் "சரிம்மா" என்றான். அவன் அம்மாவிடம் அதைத் தவிர வேறு எதையும் அதுவரை சொன்னதில்லை. புருஷனை இழந்து, தையல் மெஷினை மிதித்து மிதித்தே வளர்த்த அம்மா. அந்தச் 'சரிம்மா'வை நானும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அமுதவள்ளி.

"எதுக்குச் சரின்னே?"

"அம்மா சொன்னாங்க…"

"நாம சேர்ந்து இருந்ததே இல்லைன்னு சொல்லப் போறோம். அதுக்கா சரின்னே?"

"சும்மா ஊருக்காக அமு. நமக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்ச மாதிரி தெரியலயே."

காலையில் அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வடக்கே போகும் பேருந்தில் ஏறிவிட்டாள். ஹா ஜாங் என்று ஒரு மலை மாவட்டம். சீன எல்லைக்குப் பக்கம். பாறை முளைத்த வயல்கள், அந்தப் பாறை இடுக்கில் சோளம் விதைக்கிறார்கள். இவன் சிங்கப்பூர் விமானத்தில் ஏறினானா? ஏறவில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து அவள் பின்னால் கிளம்பினான். வழியில் ஒரு எருமை மறித்தது, ஓடையில் விழுந்தான், பிறகு வெயிலில் விழுந்து காய்ந்தான், மறுபடி மழையில் விழுந்தான். அவளைக் கண்டுபிடித்தபோது மண்ணில் செய்து சுடாமல் விட்ட பொம்மை மாதிரி இருந்தானாம்.

அது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மலைவாசிப் பெண்கள் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, கையில் சணல் நாரைத் திரித்துக்கொண்டே இருப்பார்கள். அவள் ஒரு கிழங்குக் கடைக்கு முன்னால் குந்தியிருந்தாள். இவன் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடையில் கிடந்த பச்சை மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்தாள். பக்கத்தில் நார் திரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு முழம் கயிறு வாங்கினாள். மஞ்சளை உடைத்துக் கயிறு முழுக்கத் தேய்த்து, ஒரு துண்டைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"கட்டு."

"இங்கயா? ஐயர் இல்ல, மேளம் இல்ல, அம்மா இல்ல…"

"நீ இருக்க. நான் இருக்கேன். மஞ்சள் இருக்கு. அப்புறம் என்ன?"

லிஃப்ட் கம்பிகளை முடுக்கிய கைதான். ஆனால் இந்த நாரில் ஒரு முடிச்சுக்கு மேல் போடத் தெரியவில்லை. கயிறு விற்ற பெண் பார்த்துக்கொண்டே இருந்தவள், பொறுமை போய், அவன் கையைத் தட்டிவிட்டு மீதி இரண்டு முடிச்சையும் தானே இறுக்கிப் போட்டாள். நம்மில் அது நாத்தனார் செய்ய வேண்டிய வேலை. ஒரு சொல் புரியாமல், நாத்தனார் அதிகாரத்தோடு செய்துவிட்டுப் போனாள் அந்த மகராசி.

இருவரும் ஒரே விமானத்தில்தான் திரும்பினார்கள். சாக்லேட் வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் உஷாராணி மகளிடம் அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். (நான் சுவர் வழியாகத் தோசை கொடுத்தது அமுதவள்ளிக்குத் தெரியாது.) கழற்றி வை, பார்த்தவர்களிடம் ஃபேஷன் என்று சொல்லிவிடலாம், மேடையில் புதுசாக ஏறட்டும், உண்மை யாருக்கும் தெரியாது என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள். என்னிடம் வந்து சொன்னாள்: "இதக் கழட்டிட்டு, அன்னைக்குத்தான் புதுசா கல்யாணம் ஆற மாதிரி குனிஞ்சு உக்காந்தேன்னா, அந்த வாழ்க்கைய யாரோ வேற ரெண்டு பேர் வாழ்ந்த மாதிரி ஆயிடும் டீச்சர். அந்தக் கட்டில், அந்தச் சண்டை, எல்லாம் திருட்டுத்தனமாயிடும். நாங்க எதையும் திருடல."

"மண்டபமே நின்னு போனா?"

"நிக்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இல்லாததுக்கு எதுக்குப் பயப்படணும்?"

பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். இடம், தனலெட்சுமியின் கடை. துணைக்கு வலுவான ஆள் வேண்டும் என்று உஷாராணி மகளோடு என்னையும் அழைத்துப் போனாள். நான் யாருக்கு வலு சேர்ப்பேன் என்று அவள் யோசிக்கவில்லை.

கடை முழுக்கப் பட்டு. நிலைக்கண்ணாடிகள். யுகேந்திரன் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு மூலையில் தையல்காரர் லோகன் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். இன்னொரு மூலையில் ரவாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள், பவுனம்மாள் என்று பெயர், மகளுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தது புடவையை அல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது.

தனலெட்சுமி சத்தம் போடுகிறவர் இல்லை. அவர் லோகனிடம் திரும்பி, "கழுத்து மூடின மாதிரி வெட்டுங்க. ஹை நெக்" என்றார்.

"இறக்கி வெட்டுங்கண்ணே" என்றாள் அமுதவள்ளி.

லோகன் நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அமுதா, உக்காரும்மா" என்றார் தனலெட்சுமி. "எனக்கு உம் மேல கோவம் இல்ல. எத்தன பொண்ணுங்கள மேடைக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா? அவங்க அம்மாமாருங்க நம்பி வராங்க. எம் மருமவளே இப்படின்னா, நான் எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு இந்தக் கடையத் தெறப்பேன்?"

"எப்படி அத்தை? உங்க பையன் கட்டினதப் போட்டிருக்கேன். இதுல என்ன 'இப்படி'?"

"அது கயிறும்மா. சாக்கு கட்டுற கயிறு."

"மஞ்சள் கட்டினா அது தாலின்னு நீங்கதானே சொல்லுவீங்க? வசதி இல்லாத பொண்ணுங்க வரும்போது, தங்கம் எதுக்கு, மஞ்சள் போதும்னு நீங்க சொன்னதா இவரு எங்கிட்ட சொல்லியிருக்காரே."

தனலெட்சுமியின் முகம் சிவந்தது. மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். வேண்டுமென்று எடுக்கவில்லை, கையில் கத்தரி இல்லாமல் அவருக்குப் பேச வராது. "போதும். பேசினது போதும். பூஜை ரூம்ல பால் வெச்சிருக்கேன். அதுல போட்டுடலாம், பாவம் ஒன்னும் வராது. வா, இங்க வா. கழுத்தக் காட்டு."

அமுதவள்ளி எழுந்து போனாள். அவர் முன்னால் நின்று கழுத்தை நீட்டினாள்.

"நீங்களே எடுங்க அத்தை."

தனலெட்சுமி கயிற்றை இடது கையால் பிடித்தார். வலது கையில் கத்தரி. கடையில் காற்றாடியும் நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். நான் சொல்வதில் இதை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

"ஐயோ அக்கா!" என்று ரவாங் பவுனம்மாள் போட்ட சத்தத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன. "என்ன காரியம் பண்றீங்க? மவன் உசுரோட கல்லு மாதிரி பக்கத்துல நிக்கிறாரு, மருமவ தாலியில கத்தரி வெக்கிறீங்க! பெத்த தாய் செய்யிற வேலையா இது? துப்புங்க, துப்புங்க!"

கத்தரி தரையில் விழுந்தது.

தனலெட்சுமியின் கை அப்படியே காற்றில் நின்றது. ஒரு காலத்தில் அவர் கழுத்திலிருந்தும் தாலியை எடுத்தார்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் பின் அறையில், சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நிற்க. அந்தக் கை அதை நினைத்துக்கொண்டது போல. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் இருக்கிறான். நன்றாக, மூக்கு உறிஞ்சிக்கொண்டு, இருக்கிறான். ஓடிப்போய் அவன் நெற்றியைத் தொட்டார், தலையைத் தொட்டார், தன் வாயில் தானே அடித்துக்கொண்டார்.

"நான் என்னடா பண்ண இருந்தேன்… யுகேன், நான் என்ன பண்ண இருந்தேன்…"

"ஒன்னும் ஆகலம்மா. நான் நல்லா இருக்கேன்" என்றான் அவன்.

பவுனம்மாள் தண்ணீர் கொடுத்தார். உட்கார வைத்தார். கொஞ்சம் ஆசுவாசம் ஆனதும் தனலெட்சுமிக்கு மூளை ஓடியது. வியாபாரம் செய்கிறவருக்கு அது நெடுநேரம் நிற்காது. "சரி. கயிறு இருக்கட்டும். யாரும் தொட வேணாம். தாலி பெருக்கிப் போடுறதில்லையா? அந்த மாதிரி தங்கப் பொட்ட அதுலயே சேத்துடலாம். ஆனா ஒன்னு. பத்துமலையில, சாமி முன்னால கட்டினதா சொல்லிக்கலாம். முருகன் கோவிச்சுக்க மாட்டான். யுகேன், சரியாடா?"

எல்லாரும் அவனைப் பார்த்தோம். அந்தப் பையனுக்கு வியர்த்தது.

"இல்லம்மா" என்றான். "சரி இல்ல. வியட்நாம்ல கட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல ஒன்னாதான் இருந்தோம். சிங்கப்பூருக்கு நான் போனதே இல்ல. போன வாரம் மாமா ஒருத்தர் அந்த ஊரு எம்ஆர்டி ரயில் பத்திக் கேட்டாரு, நான் மழை பேஞ்சா நனையும்னு சொல்லிட்டு வந்தேன். என்னால முடியலம்மா."

தனலெட்சுமி குனிந்து தரையில் கிடந்த கத்தரியை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப உங்கம்மாவ மேடையில நின்னு பொன் சேக்கச் சொல்லு" என்றார் அமுதவள்ளியிடம், தோற்றவர் குரலில். "சுமங்கலி கை."

"அம்மா எதுக்கு? நீங்க சேத்துடுங்க அத்தை."

"நான் மேடைக்கு வரக் கூடாதும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மணப்பெண்களுக்குப் புடவை கட்டியவர், கெட்டிமேளம் கேட்கும் நேரத்தில் ஒருநாளும் மண்டபத்தில் இருந்ததில்லை. கடைசிக் கொசுவத்தைச் செருகிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

"யாரு வரக் கூடாதுன்னு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நாங்க போகக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க அத்தை. போயிட்டு வந்துட்டோம்" என்றாள் அமுதவள்ளி. "நீங்க வரலன்னா மண்டபம் வேணாம். நான் சும்மா சொல்லல."

அவள் சும்மா சொல்லவில்லை என்று அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரிந்தது. "நான் சாட்சி" என்றார் பவுனம்மாள், யாரும் கேட்காமலே.

கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபம் நிரம்பி வழிந்தது. அழைக்காதவர்களும் வந்திருந்தார்கள், அழைத்தும் வர மாட்டேன் என்றவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். குருக்களுக்கு எந்த மந்திரத்தைச் சொல்வது, எதைத் தாண்டுவது என்று பிடிபடவில்லை. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக வாயில் வைத்தபடியே இருந்தார்.

தனலெட்சுமி படியில் கால் வைத்தபோது அவருடைய அக்கா ராஜேஸ்வரி கையைப் பிடித்தார்.

"தனம், நீ எங்க போற? அசிங்கமா இருக்கும். எறங்கு."

"விடுக்கா. புடவை கசங்குது."

மேலே போய், அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். முதலில் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு:

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க ஒருத்தருக்கொருத்தர் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். எம் மவன் சிங்கப்பூர்ல இல்ல. எம் மருமவ கோர்ஸ் ஒன்னும் படிக்கல. ரெண்டு பேரும் நியூசிலாந்துல பழம் அடுக்குனாங்க, ஒரே வீட்ல இருந்தாங்க. தாலி வியட்நாம்ல சந்தையில ஏறிடுச்சு. நான் இன்னைக்குப் பொன் சேக்க வந்திருக்கேன். யாருக்காச்சும் மனசு சங்கடமா இருந்தா, சாப்பாடு கீழ் மாடியில தயாரா இருக்கு. போய்ச் சாப்புடலாம்."

யாரும் எழுந்து போகவில்லை. இதை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போக எவருக்கு மனசு வரும்?

கயிற்றைக் கழற்றாமல் பொன்னைக் கோப்பது எப்படி என்று எல்லாரும் யோசித்திருந்தார்கள், அவரைத் தவிர. மடியிலிருந்து ஊசியை எடுத்தார். மஞ்சள் நூலை வாயில் ஈரமாக்கி, கண்ணாடி போடாமலே கோத்தார். மணப்பெண்ணின் கழுத்திலேயே வைத்து, தங்கப் பொட்டைச் சணலோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார், ஒரு பட்டன் தைக்கிற லாவகத்தோடு. நாதஸ்வரக்காரர் அதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஊதிவிட்டார். மேளமும் சேர்ந்துகொண்டது. அட்சதை பறந்தது, பாதி மாமியார் தலையில் விழுந்தது. அவர் நூலைப் பல்லால் கடித்து விடுவித்தபோது கன்னம் மருமகளின் கன்னத்தில் உரசியது.

மணப்பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய நேரம் அது. ஊசி போய்வர இடம் வேண்டும் என்பதால், அமுதவள்ளி கடைசி வரை முகவாயை உயர்த்தி, மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரையும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.